பொன்னுசாமி வீட்டு ஹம்

ஏற்காட்டின் ஒண்டிக்கடை முக்கில் நான் நாற்பத்தொரு வருடம் வேலை பார்த்த ஆடியோ சர்வீஸ் கடையில், இப்போது ஹம் பிடிக்கப் போகிறவர்கள் கையில் ஒரு போனைக் கொண்டுபோகிறார்கள். போனை ஸ்பீக்கர் முன்னால் நீட்டினால் திரையில் கோடு கோடாக எழும்புகிறது. எந்தக் கோடு உயரமோ அதுதான் நோய். போன மாதம் கடைப்பக்கம் போயிருந்தபோது அதை எனக்குக் காட்டினார்கள். "இதெல்லாம் இல்லாம வெறுங்காதுல எப்படீங்கண்ணா பாத்தீங்க? கொஞ்சம் எழுதிக் குடுங்க, குரூப்ல போட்டுடறோம்" என்றார்கள். வெறுங்காதின் பெருமையை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எழுதத்தான் போகிறேன், ஆனால் நான் போன் கட்சி. போனுக்கு மரியாதை தெரியாது. அதன் அருமை எனக்குத் தெரிந்த அளவு அவர்களுக்குத் தெரியாது.

ஹம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரு முனகல் விடாமல் வந்துகொண்டிருக்கும். பாட்டுக் கேட்கிறவனுக்கு அது சாம்பாரில் கிடக்கும் முடி. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் சாம்பார் தெரியாது, முடி மட்டும்தான் தெரியும். பெரும்பாலும் காரணம் எர்த். வீட்டு எர்த் ஒயர் மண்ணைச் சரியாகத் தொடவில்லை என்றாலோ, டிவி, பிளேயர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஆளுக்கொரு வழியாக மண்ணைத் தொட்டாலோ, கொஞ்சம் கரண்ட் வழிதவறி ஸ்பீக்கருக்குள் புகுந்து முனகும். எங்கள் மலையிலோ இரண்டடி தோண்டினால் பாறை. எர்த் குழி என்று பலர் வீட்டில் இருப்பது வெறும் பள்ளம். ஆகவே ஏற்காட்டில் ஹம்முக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

நான் சேலத்தில் ஐ.டி.ஐ. படித்தவன். அங்கே கற்றதில் பாதி ரேடியோ, பாதி பரோட்டா. முடித்ததும் மலையேறி வந்து சவரிமுத்து முதலாளி கடையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் ஈயப்பற்று வைத்தேன், விரலைச் சுட்டுக்கொண்டேன், அதைத் தவிர எழுத ஒன்றும் இல்லை.

முதலாளியைப் பற்றித்தான் எழுத வேண்டும். பருத்த உடம்பு, நெற்றிமேல் ஏற்றிவிட்ட கண்ணாடி. அந்தக் கண்ணாடி கண்ணுக்கு இறங்கி நான் பார்த்ததே இல்லை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் உயரும். சாதாரண நாளில் நான் "மணி, இங்க வாடா". லேசான கோபத்தில் "ஏனுங்க மணி". ஒருமுறை ஒரு டிரான்ஸ்ஃபார்மரை எரித்துவிட்டேன். அன்று எழுந்து நின்று, "ஏனுங்க சுப்ரமணி சார், உக்காருங்க, டீ சாப்பிடறீங்களா" என்றார். எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

வீட்டுக்கு ஹம் பார்க்கப் போனால் அவருக்கு ஒரு முறை உண்டு, அதிலிருந்து இம்மி பிசக மாட்டார். செட்டைத் தொடவே கூடாது. முதலில் உட்கார வேண்டும். வீட்டுக்காரர் காப்பி கொண்டுவருவார். காப்பி தீரும்வரை ஹம்மைக் கேட்க வேண்டும். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு கூடவே முனகுவார். பாதிப் பேர் அவர் ஜெபம் செய்கிறார் என்று நினைத்து எழுந்து நிற்பார்கள். வழவழவென்று "ம்ம்ம்" என்றால் எர்த் பக்கக் கோளாறு. கரகரவென்று "ர்ர்ர்" என்றால் செட்டுக்குள்ளேயே கெப்பாசிட்டர் வீங்கியிருக்கிறது. பிறகு வால்யூமைத் திருக வேண்டும். வால்யூமோடு ஹம்மும் ஏறினால் நோய் வெளியிலிருந்து ஒயர் வழியாக வருகிறது. ஏறவில்லை என்றால் நோய் உள்ளேதான். அப்புறம் பின்னால் சொருகியிருக்கும் எல்லா ஒயரையும் உருவிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சொருக வேண்டும். எதைச் சொருகும்போது முனகல் வருகிறதோ அதுதான் குற்றவாளி. பத்துக்கு ஆறு வீட்டில் அது கேபிள் டிவி ஒயராக இருக்கும். அது தெருவெல்லாம் சுற்றி, யார் யார் வீட்டுத் தகரத்தையோ தொட்டுவிட்டு வருவது. கடைசியாக டெஸ்ட் லேம்ப். கரண்ட் வரும் பேஸ் ஒயருக்கும் நியூட்ரலுக்கும் நடுவே குண்டு பல்பைப் பிடித்தால் பளிச்சென்று எரியும். அதே பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்தால் அதே அளவு எரிய வேண்டும். மங்கினால் குழியைத் தோண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மன்னிக்க மாட்டார். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டால் ஹம் நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் பல மெக்கானிக்குகளின் மொத்த வித்தையும் அதுதான். "ஹம்மு போயிரும். அப்புறம் ஒரு நாளு ஊட்டுக்காரனும் போயிருவான்" என்பார் முதலாளி.

இன்னொரு சட்டமும் உண்டு. ஹம் இல்லை என்று வீட்டுக்காரரிடம் நாம் சொல்லவே கூடாது. "அவங்களுக்குக் கேக்குதுன்னா கேக்குது. உன் காதுக்கு எட்டலீன்னா காதை இன்னும் கிட்டக் கொண்டுபோ." இந்தச் சட்டம் நல்ல சட்டம். அதைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பெரிய கதைக்குப் போகும் முன் குங்குமக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மலையில் சித்திரை, வைகாசியில் இடி பலமாக இருக்கும். முதல் இடி இடித்ததும் வீட்டில் இருக்கிற எல்லா பிளக்கையும் பிடுங்கிப் போட்டுவிடுவது இங்கே வழக்கம். மழை விட்டதும் திரும்பச் சொருகுவார்கள். அன்றைக்கெல்லாம் செட்டுக்கு ரெண்டு பின் பிளக்தான், எப்படித் திருப்பினாலும் நுழையும். நேராகச் சொருகினால் சத்தமில்லை, தலைகீழாகச் சொருகினால் ஹம். ஆகவே ஒவ்வொரு மழைக்கும் அடுத்த நாள் கடை வாசலில் ஆட்கள். "இடி உள்ள பூந்துருச்சுங்க" என்பார்கள். நாங்கள் போய் பிளக்கைத் திருப்பிச் சொருகிவிட்டு, இடியை வெளியே அனுப்பிவிட்டதாகப் பெயர் வாங்கிக்கொண்டு வருவோம்.

எத்தனை முறைதான் இடியை விரட்டுவது? முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். பிளக்கின் மேல்பக்கம் ஒரு குங்குமப் பொட்டு, சுவிட்ச் போர்டிலும் ஒரு பொட்டு. பொட்டுக்கு நேர் பொட்டு வைத்துச் சொருகினால் ஹம் வராது. எல்லா வீட்டிலும் வைத்துவிட்டு வந்தோம். அந்த வருடம் இடி இடித்தது, மழை பெய்தது, ஒருத்தரும் வரவில்லை. முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஆயுத பூஜை வந்தது. எல்லா வீட்டிலும் டிவி, மிக்ஸி, கிரைண்டர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அந்த பிளக்கை மட்டும் விடுவார்களா? அதில் ஏற்கெனவே ஒரு பொட்டு வேறு இருக்கிறது, ஏதோ விசேஷமான பிளக் என்று நினைத்து நாலு பக்கமும் வைத்துவிட்டார்கள். பூஜை முடிந்த மறுநாள் காலை கடை திறப்பதற்குள் ஏழு பேர் நின்றார்கள். "பொட்டுக்கு நேரா பொட்டு வெச்சுத்தானுங்க சொருகுனோம்" என்று ஏழு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். முதலாளி என்னைப் பார்த்து, "மணி சார், நெயில் பாலிஷ் ஒரு பாட்டில் வாங்கிட்டு வாங்க" என்றார். குங்குமம் வைத்தது என் யோசனையாக இருந்திருக்க வேண்டும் என்று அவர் அன்று முடிவு செய்துவிட்டார்.

வருடங்கள் போயின. என் காதுக்கு மலையில் ஒரு பெயர் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். முதலாளி வீடு வீடாக வேலைக்குப் போவதை நிறுத்தி, எல்லாவற்றுக்கும் என்னை அனுப்பினார். தலைக்கனம் ஏறாமல் இருக்குமா? ஒரு ஆயுத பூஜை அன்று கடையில் பொரிகடலை தின்றுகொண்டிருந்தபோது பேச்சு எங்கெங்கோ போய், நான் எழுந்து நின்று சொன்னேன்: "ஹம்மை விட்டுப்போட்டு ஒரு ஊட்டை விட்டு நான் வெளிய வந்தேன்னா, அன்னைக்கே டூல் பையை வெச்சுடறேன். அப்புறம் தொழிலுக்கு வரமாட்டேன்." எல்லோரும் கை தட்டினார்கள். மலையில் ஒரு சங்கதி ஒண்டிக்கடையில் சொன்னால், சாயங்கால பஸ்ஸில் ஏறி எல்லா ஊருக்கும் போய்விடும். அதுவும் போனது.

எனக்கு அறுபத்தொரு வயது ஆகும்வரை அந்த வாக்கால் ஒரு தொந்தரவும் வரவில்லை. அப்போதுதான் தலைச்சோலையிலிருந்து பொன்னுசாமி வந்தார்.

பொன்னுசாமிக்குக் காப்பித் தோட்டம். அம்பது வயதிருக்கும். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவர் மகன் பெங்களூரிலிருந்து ஒரு பெரிய ஹோம் தியேட்டர் அனுப்பியிருந்தான். அதில் ஹம். "ஏனுங்கண்ணா, எப்ப முடியுமோ அப்ப வாங்க, அவசரமே இல்லீங்க, நாளைக்கு வந்தீங்கன்னா நல்லா இருக்கும்" என்றார்.

மறுநாள் காலை போனேன். நல்ல வீடு, வாசலில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது, பக்கத்தில் சௌசௌப் பந்தல். பொன்னுசாமியும் அவர் மனைவி ராசாத்தியும் என்னை உட்கார வைத்தார்கள். காப்பி குடித்தேன், கேட்டேன். வழவழ "ம்ம்ம்". வால்யூமோடு ஏறியது. எல்லாவற்றையும் உருவி ஒவ்வொன்றாகச் சொருகினேன். கேபிள் டிவி ஒயரைச் சொருகியதும் முனகியது. ஒயரைத் தொடர்ந்து கூரைமேல் போனால், பக்கத்து வீட்டுத் தகரத்தோடு சேர்த்து முறுக்கிக் கட்டியிருந்தார்கள். பிரித்துத் தனியாக இழுத்துவிட்டேன். இறங்கி வந்து செட்டைப் போட்டால் சுத்தம். அரை மணி நேர வேலை.

"போயிருச்சுங்க" என்றார் பொன்னுசாமி சந்தோஷமாக.

"சுத்தமாப் போயிருச்சுங்க" என்றார் ராசாத்தி.

நான் பையைக் கட்டினேன். பட்டையை இழுத்துப் போடும்போது கேட்டது. மெல்லிசாக, தூரத்தில் யாரோ அரிசி புடைப்பது போல, விடாமல் ஒரு சத்தம்.

"இருங்க" என்றேன். "இன்னொண்ணு இருக்குது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மெல்லிசா. வலது பக்கத்துல இருந்து. கேக்குதுங்களா?"

பொன்னுசாமி தலையைச் சாய்த்தார். "ஆமாங்க" என்றார். "லேசாங்க."

ராசாத்தியும் தலையாட்டினார். நான் பையைத் திரும்ப அவிழ்த்தேன்.

அது "ம்ம்ம்" இல்லை, "ர்ர்ர்" இல்லை. நாற்பது வருடத்தில் நான் சந்திக்காத புது ஜாதி ஹம். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூர ஒரு குஷி. முதலாளிக்கே தெரியாத ஒன்று என்னிடம் மாட்டியிருக்கிறது. அதே சமயம் ஒரு பயம். இதை விட்டுவிட்டு வெளியே போனால் நான் சொன்ன வாக்கு என்ன ஆவது? மலை முழுக்கத் தெரியும். அறுபத்தொரு வயதில், அடுத்த நாள் காலை எழுந்து எங்கே போவது என்று எனக்குத் தெரியாது. வேறு வேலை எதுவும் செய்து பழக்கமில்லை. அதனால் அந்த வீட்டை விட்டுப் போவதாக இல்லை என்று முடிவு செய்தேன்.

ஸ்பீக்கரை உருவினேன். இருந்தது. செட்டையே அணைத்தேன். இருந்தது. அப்படியானால் செட் இல்லை, வீட்டு ஒயரிங் என்று தீர்மானித்தேன். ஃபிரிட்ஜைப் பிடுங்கச் சொன்னேன். ராசாத்தி உள்ளே பாலும் மாவும் இருப்பதைச் சொல்ல வாயெடுத்தார், பொன்னுசாமி கண்ணைக் காட்டினார், பிடுங்கிவிட்டார். டியூப் லைட்டுகளின் சோக்கை எல்லாம் கழற்றினேன். ஃபேன்களை நிறுத்தினேன்.

"இப்ப எப்படிங்க?"

"கொறஞ்ச மாதிரி இருக்குதுங்க" என்றார் பொன்னுசாமி.

"எனக்கு அப்படியேதான் இருக்குது."

"ஆமாங்க, அப்படியேதானுங்க இருக்குது" என்றார் உடனே.

இரண்டாம் நாள் எர்த் குழி தோண்ட முடிவு செய்தேன். பழைய எர்த்தில் டெஸ்ட் லேம்ப் கொஞ்சம் மங்கத்தான் எரிந்தது, அதில் பொய் இல்லை. ஈரமான இடம் வேண்டும் என்பதால் சௌசௌப் பந்தலுக்கு அடியில் குறித்தேன். பொன்னுசாமியின் ஆட்கள் இரண்டு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். மூன்றடியில் பாறை. பக்கத்தில் இன்னொரு குழி, அதிலும் பாறை. மூன்றாவது குழியில் பந்தல் கால் ஒன்று சாய்ந்து, பந்தல் என் தலையில் இறங்கியது. சௌசௌக் கொடிக்குள் நின்றுகொண்டு நான், "இங்கதான் நல்லாக் கேக்குது" என்றேன். கடப்பாரைக்காரர்கள், "ஆமாங்க, இங்க ஜாஸ்தியாத்தான் இருக்குது" என்றார்கள்.

அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். எல்லோரையும் கேட்டேன். எல்லோருக்கும் கேட்டது. பக்கத்து வீட்டு வெள்ளையன் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே போனார். "எங்க ஊட்டுல இது ரெண்டு வருசமா இருக்குதுங்க. மழை வர்றதுக்கு மின்னால நொம்பக் கேக்கும். நாய்கூடத் திரும்பிப் பாக்குமுங்க" என்றார். நான் நோட்டை எடுத்து அதையெல்லாம் எழுதிக்கொண்டேன். எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டபோது எல்லோரும் வலது பக்கம் என்றே சொன்னார்கள். கேட்கும்போது நான் வலது காதை உயர்த்திக்காட்டிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பத்துப் பேர் சாட்சி, பத்தும் ஒன்றாக இருக்கிறது, இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

ஒன்று மட்டும் இடித்தது. கிழக்கே பார்த்து நின்றால் ஹம் தெற்கிலிருந்து வந்தது. மேற்கே பார்த்து நின்றால் வடக்கிலிருந்து வந்தது. இது என் கூடவே சுற்றுகிறது என்று நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். அதைப் படித்துப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

மூன்றாம் நாள். உப்பு, கரி போட்டு நாலாவது குழியை மூடியாகிவிட்டது, நல்ல எர்த். டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரிந்தது. வீட்டில் மாவு புளித்துப்போனதால் மூன்று வேளையும் உப்புமா. ராசாத்தி அதைக்கூட, "மெக்கானிக்கு ஊட்டுல இருக்கறதால அவசரமாச் செஞ்சுட்டனுங்க, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லித்தான் போட்டார். மத்தியானம் செட்டை மொத்தமாகப் பிரித்து, பிளக்கை எடுத்துக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். பொன்னுசாமியும் ராசாத்தியும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது கரண்ட் போனது. வீட்டில் மட்டும் இல்லை, மலை முழுக்க. கீழே மில்லில் ஓடிக்கொண்டிருந்த காப்பிக்கொட்டை மெஷின் நின்றது. வெளியே மேகம் இறங்கி வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. அப்படி ஒரு நிசப்தத்தில் அந்தச் சத்தம் மட்டும் கணீரென்று கேட்டது.

எனக்கு வெற்றிச் சிரிப்பு வந்தது. "பாத்தீங்களா? கரண்டே இல்லை, இப்பவும் கேக்குது" என்றேன்.

"ஆமாங்க" என்றார் பொன்னுசாமி. "இப்பத்தானுங்க நல்லாக் கேக்குது."

சொல்லிவிட்டு அவர் என் கையைப் பார்த்தார். நானும் என் கையைப் பார்த்தேன். பிளக் என் கையில் இருந்தது. அதன் மூன்று பின்னும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. மலையில் கரண்ட் இல்லை, செட் பாகம் பாகமாகத் தரையில் கிடக்கிறது, பிளக் என் கையில். பொன்னுசாமியின் முகம் மெல்ல மெல்ல மாறியதைப் பார்த்தேன். என் முகமும் அப்படித்தான் மாறியிருக்கும்.

நான் வலது காதில் விரலை விட்டு அடைத்தேன். ஹம் போகவில்லை. உள்ளேதான் இருந்தது, இன்னும் கிட்டே வந்துவிட்டது போல இருந்தது. நாற்பது வருடம் இந்தக் காதை வைத்துத்தானே சோறு தின்றேன், அதில் போய் ஹம் வந்திருக்கிறதே என்று அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்குக் கேக்குதுங்களா?" என்றேன்.

பொன்னுசாமி ராசாத்தியைப் பார்த்தார். ராசாத்திதான் சொன்னார். "மொத நாளு அந்த ஒயரைக் கழட்டி உட்டீங்கல்லங்க. அப்பவே போயிருச்சுங்க."

"அப்ப ஏனுங்க மூணு நாளா கேக்குது கேக்குதுன்னீங்க?"

"நீங்க எத்தனை வருசமாப் பாக்கறவரு" என்றார் பொன்னுசாமி. "நீங்க இருக்குதுங்கறப்ப இல்லீன்னு எப்படீங்க சொல்றது? எங்க காதெல்லாம் ஒரு காதுங்களா?"

"அதுவுமில்லாம" என்று ராசாத்தி இழுத்தார். "ஹம்மை விட்டுப்போட்டு வெளிய போனா தொழிலையே விட்டுருவீங்கன்னு சொன்னாங்க. இல்லீன்னு நாங்க சொல்லி, இருக்குதுன்னு நீங்க நெனச்சுக்கிட்டே போயிட்டீங்கன்னா? பாவம் எங்களுக்கு வேணுங்களா? அதான், நீங்களாப் போயிருச்சுன்னு சொல்ற வரைக்கும் இருக்கட்டும்னு இவரு சொன்னாருங்க. நேத்துச் சொல்லுவீங்க, இன்னைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தோம்."

பந்தல் சாய்ந்தது, மாவு புளித்தது, வாசலில் நாலு குழி, இத்தனையும் எனக்காகத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அந்த இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கும்பிடவும் செய்தேன். அவர்கள் பதறிப்போய் எனக்கு மறுபடி உப்புமா போட்டார்கள். மறுநாள் பூராவும் நானும் கடப்பாரைக்காரர்களும் சேர்ந்து பந்தலைத் தூக்கிக் கட்டினோம். வெள்ளையன் மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டில் இன்னும் கேட்பதாகவே சொன்னார்.

கடைக்கு வந்து முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு சேலம் பஸ் ஏறினார். காது டாக்டர் குழாய் வைத்துப் பார்த்தார், கண்ணாடி அறையில் உட்கார வைத்துப் பீப் பீப் என்று எதையோ போட்டுப் பார்த்தார். வயசாகும்போது சிலருக்கு இப்படி ஒரு இரைச்சல் வரும், ஆபத்தில்லை, கூடவே வாழப் பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். "இதுக்கு எர்த் எதுவும் குடுக்க முடியாதுங்களா?" என்று முதலாளி கேட்டார். டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். முதலாளி விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி வந்தோம். நான் கேட்டேன், "பையை வெச்சுடட்டுங்களா முதலாளி?"

"எதுக்குடா? அவங்க ஊட்டுல ஹம்மை விட்டுப்போட்டா வந்தே?"

"இல்லீங்க. கையோட கொண்டாந்துட்டனுங்க."

"அப்ப சொன்ன சொல்லு தப்பல. நாளைக்கு வேலைக்கு வா" என்றார்.

போனேன். அடுத்த வாரம் செம்மநத்தத்தில் ஒரு டீச்சரம்மா வீட்டு வேலை வந்தது. அந்தக் குறுகலான ரோட்டில் ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கினேன். தனியாக இருப்பவர், பழைய இசைத்தட்டுப் பிளேயர் வைத்திருந்தார். அதில் ஹம். காப்பி குடித்தேன். நல்ல கனத்த "ம்ம்ம்", என் இரைச்சலையும் மீறிக் கேட்டது. பிளேயரின் எர்த் ஒயர் அறுந்து பின்னால் தொங்கியது. பற்ற வைத்தேன். கனத்த சத்தம் நின்றது. அதற்கு அடியில் மெல்லிசாக ஒன்று மிச்சமிருந்தது.

என்னுடையதா, அவர் வீட்டுடையதா? மெயினை அணைத்துக் கேட்டேன். கேட்டது. மெயினைப் போட்டுக் கேட்டேன். கேட்டது. கொஞ்சம் கூடியிருக்கிறதா, அதேதானா? நாலு முறை அணைத்து அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி தோன்றியது. பழைய நாளில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னவன், அன்று மெயின் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டீச்சர், இப்பக் கேக்குதுங்களா?"

டீச்சரம்மா யோசித்தார். "உங்களுக்குக் கேக்குதுங்களா?"

"நீங்க சொல்லுங்க."

"நீங்க சொன்னாச் சரிங்க."

"அப்படியில்லீங்க டீச்சர். எனக்குக் காதுல கோளாறு. உங்களுக்கு என்ன கேக்குதோ அதைச் சொல்லுங்க. மரியாதை பாக்காமச் சொல்லுங்க."

அவர் கண்ணில் உண்மையான சங்கடம் தெரிந்தது. "வயசுல பெரியவரு. மரியாதை பாக்காம எப்படீங்க சொல்றது?" என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஸ்பேனர்களைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பையில் வைத்து மூடினேன். அங்கிருந்தே முதலாளிக்குப் போன் போட்டு, இதுதான் கடைசி வீடு என்று சொன்னேன். ஜீப் வரும்வரை டீச்சரம்மா எனக்காக ஒரு பாட்டுப் போட்டார், நன்றாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் நான் ஹம்மை விட்டுவிட்டு வந்தேனா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.